பெய்ஹாயில் ஒன்பது நாள்

நம்ம வகுப்புப் பெண்கள் குரூப்பில் போன மாதம் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள், பார்த்திருப்பீர்கள். "சின்னப்பிள்ளையில நாம எதுக்குடி ரொம்பப் பயந்தோம்? ஒவ்வொருத்தியும் சொல்லுங்க." ஆளாளுக்கு எழுதினீர்கள். கணக்கு டீச்சரின் பிரம்பு. இருக்கன்குடித் திருவிழாக் கூட்டத்தில் அம்மா கையை விட்டது. பள்ளிக்கூடக் கக்கூஸ் பக்கத்துப் புளியமரம். நான் "பல்லி" என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பல்லிக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை.

கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்க முடியாத வயசு நமக்கு வந்துவிட்டது. என்னைக் கண்டிக்கக்கூடியவர்களும் இப்போது இல்லை, நான் காப்பாற்ற வேண்டியவர்களும் இல்லை. அதனால் நிஜத்தை எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த லீவு. அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனி இருந்தது உங்களுக்குத் தெரியும். சிவகாசியை விட்டு எட்டு மைல் தள்ளி, கரிசக்காட்டுக்கு நடுவில். அந்த வருஷம் அப்பாவுக்கு ஒரு ஆசை வந்திருந்தது. வெடிக்கு வேண்டிய காகிதக் குழாயை வீடு வீடாகப் பெண்கள் கையால் உருட்டிக்கொண்டிருந்த காலம். சீனாவில் அதற்கு மெஷின் இருக்கிறது, ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று. மெஷின்காரன் இருந்த ஊர் பெய்ஹாய். "கடல் இருக்காம்ல, நாங்களும் வாரோம்" என்று அம்மா சொல்ல, மூன்று பேருக்கும் பாஸ்போர்ட், விசா எல்லாம் எடுத்து, மாதக் கடைசியில் மெட்ராஸிலிருந்து டிக்கெட் போட்டிருந்தது. "யார்ட்டயும் சொல்லாத, கண்ணு பட்டுரும்" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால்தான் உங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

போவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின நேரம். நான் கூடத்தில் பழைய காலண்டர் தாளில் பூ வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி பீரோவுக்குள் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டன. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது, மாடியிலிருந்து பெரிய மூட்டையைப் போட்ட மாதிரி. அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். டெலிபோனைப் பார்த்தாள். நம்ம ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லா வீட்டிலும் அப்படித்தான் நிற்பார்கள்.

போன் அடிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அப்பா பின்வாசல் வழியாக வந்தார். காலையில் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டை மேலே இல்லை. யாருடையதோ ஒரு கட்டம் போட்ட சட்டை, தோளில் தொளதொளவென்று கிடந்தது.

"என்ன சத்தங்க அது? நம்மளுதா?"

"ஒரு ரூமு போயிருச்சு. ஆளுகளுக்கு ஒண்ணுமில்ல. எல்லாரும் சாப்பாட்டுக்கு வெளிய வந்துட்டாக."

"எந்த ரூமு?"

"கிளம்புங்க. மெஷின்காரன் தேதிய முன்னுக்கு மாத்திட்டான். சிங்கப்பூருக்கு இன்னைக்கே டிக்கெட்டு."

"இப்பமேவா? ஒரு துணிகூட எடுத்து வெக்கல."

"எடுத்தத எடு. கேள்வி கேக்காத."

சொல்லிக்கொண்டே டெலிபோன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. பெரியவர்கள் அந்தமாதிரி நேரங்களில் பிள்ளைகளை நாற்காலி மேசையோடு சேர்த்துவிடுவார்கள்.

வாசலுக்கு வந்தது எங்கள் கார் இல்லை. சன்னலில் திரை போட்ட வேறு கார். மெட்ராஸ் பக்கம் போகாமல் ராஜபாளையம், தென்காசி வழியாகத் திருவனந்தபுரம். அப்பா பின்சீட்டில் அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார். "தலைவலி" என்றார். ஊர் எல்லை தாண்டும்வரைக்கும் அந்தத் தலைவலி இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பத்து நாள் கழித்துப் போக வேண்டியது இன்றைக்கே போகிறோம் என்று.

மூன்று விமானம் மாறினோம். கடைசி விமானத்திலிருந்து இறங்கியபோது ஈரக்காற்று முகத்தில் அப்பியது. கருவாட்டு வாடை, டீசல் வாடை, பெயர் தெரியாத ஏதோ ஒரு பூவின் வாடை. விமான நிலைய வாசலில் நின்ற தொப்பி போட்ட காவல்காரனைப் பார்த்ததும் அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். எனக்கு வலித்தது. அவர் கை ஜில்லென்று இருந்தது. நான் முதன்முதலில் பயந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன், ஏன் என்று தெரியாமலே.

எங்களைக் கூட்டிப்போக மெஷின்காரன் ஒரு பெண்ணை அனுப்பியிருந்தான். இங்கிலீஷ் தெரிந்தவள் என்று பெயர். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். கழுத்தோடு வெட்டிய முடி, ஆம்பளை வாட்ச். அப்பாவின் இங்கிலீஷ் அவளுக்குப் புரியவில்லை, அவளுடையது அப்பாவுக்குப் புரியவில்லை. டியூஷன் ஸார் எனக்குச் சொல்லிக்கொடுத்த சின்னச் சின்ன வாக்கியம்தான் அவளுக்குச் சரியாக இருந்தது. அதனால் அவள் என்னிடம் பேசுவாள், நான் அப்பாவிடம் சொல்வேன். நான் "அக்கா" என்று கூப்பிட்டேன். அதை மரியாதைச் சொல் என்று அவளாகப் புரிந்துகொண்டு, திருப்பி என்னையும் "அக்கா" என்றாள். அம்மா சிரித்தாள். அந்தப் பயணத்தில் அம்மா சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஓட்டல் ஐந்து மாடி. அறையில் பூப்போட்ட பெரிய வெந்நீர் பிளாஸ்க் ஒன்று, மூன்று ஜோடி ரப்பர் செருப்பு. சன்னலைத் திறந்தால் எதிரே கடல் தெரியும் என்று அக்கா சொல்லியிருந்தாள். கடல் தெரிந்தது, ஆனால் தூரத்தில், கட்டிடங்களின் சந்து வழியாக. அந்தக் கட்டிடங்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பத்து மாடி, பன்னிரண்டு மாடி. சுவர் உண்டு, சன்னல் இல்லை. கதவு இல்லை, ஆள் இல்லை. வரிசையாக வெறும் சிமெண்டு எலும்புகள். கட்ட ஆரம்பித்தவர்களுக்குப் பணம் நின்றுபோய் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். கடல் காற்று அந்தச் சன்னல் ஓட்டைகளுக்குள் புகுந்து வெளியே வரும்போது ஊளை போட்டது. பகலிலேயே போட்டது. நான் சன்னலைச் சாத்துவேன். அப்பா வந்து திறந்து கீழே தெருவைப் பார்ப்பார். திரும்பச் சாத்துவேன்.

மறுநாள் மெஷினைப் பார்க்கப் போக வேண்டும். அக்கா எட்டு மணிக்கே வந்து கீழே நின்றாள். அப்பா வரவில்லை. "உடம்பு சரியில்லைன்னு சொல்லு பாப்பா" என்றார். நான் சொன்னேன். அக்கா என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"உன் அப்பா மெஷின் வாங்கத்தானே வந்தார்?"

"ஆமா."

"பிறகு ஏன் மெஷினைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை?"

அது எனக்கும் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. அவள் கேட்ட பிறகு அது எனக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் அம்மா எப்படியோ பேசி அப்பாவைக் கீழே இறக்கினாள். பழைய கடைத்தெருவுக்குப் போனோம். இரண்டு பக்கமும் தூண் வைத்த பழைய கடைகள், நடைபாதைமேல் மாடி நீட்டிக்கொண்டிருக்கும். முத்துமாலை விற்கிறார்கள், காய்ந்த கணவாய் மீன் கட்டுக்கட்டாகத் தொங்குகிறது. சைக்கிள் மணிச்சத்தம் ஓயவே இல்லை. ஒரு புதுக்கடைத் திறப்பு. வாசலில் சிவப்புத் தாள் ஒட்டி, மாடியிலிருந்து தரைவரைக்கும் சரவெடி தொங்கவிட்டிருந்தார்கள். நம்ம ஊர்ச் சரவெடி மாதிரியேதான். எனக்கு அதைப் பார்த்ததும் குஷி. "அப்பா, அங்கன பாருங்க, நம்ம வெடி!" என்று திரும்பினேன்.

கடைக்காரன் பற்றவைத்துவிட்டான்.

திரும்பின இடத்தில் அப்பா இல்லை. கீழே இருந்தார். தூணுக்குப் பின்னால், மீன் தண்ணீர் ஓடின தரையில் குத்துக்கால் வைத்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு. வெடிச் சத்தம் மேலிருந்து கீழே ஓடி முடிகிறவரைக்கும் அவர் வாய் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தது. நின்ற பிறகுதான் எனக்குக் கேட்டது. "நிறுத்துங்க, நிறுத்துங்க, நிறுத்துங்க." பிறந்ததிலிருந்து வெடிச் சத்தத்தில் வளர்ந்த மனுஷன். தீபாவளிக்குக் கையில் பிடித்து வெடிக்கிறவர். சுற்றி நின்ற சீனாக்காரர்கள் சிரித்தார்கள், பாவம், வேடிக்கைக்குச் செய்கிறார் என்று நினைத்து. அக்கா சிரிக்கவில்லை. அம்மா அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவருடைய கால்சட்டையின் ஓரமெல்லாம் ஈரம்.

மூன்றாவது நாள்தான் அந்தத் தாள் வந்தது.

நான் கீழே கவுண்டர் பக்கம் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கையில் சுருண்ட ஒரு ஃபேக்ஸ் தாளோடு வந்தாள். "இது உங்கள் எழுத்துதானே? எனக்கு ஜாங்கிரி மாதிரி இருக்கிறது" என்ற அர்த்தத்தில், விரலால் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினாள். "அப்பாவிடம் கொடு."

மாடிப்படியில் ஏறும்போதே பார்த்துவிட்டேன். கம்பெனிக் கணக்கப்பிள்ளையின் எழுத்து. எனக்குத் தெரிந்த எழுத்து. என் நோட்டுக்கெல்லாம் பெயர் எழுதித் தருகிறவர் அவர்தான். முதல் வரி, "முதலாளி அவர்களுக்கு." அதற்குக் கீழே ஆறு பெயர். ஆறும் பெண்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஊர்: அச்சங்குளம், தாயில்பட்டி. மூன்றாவது பெயருக்கு எதிரே, "வாரிசு, மகள் ஒன்று. நம்ம பாப்பா வகுப்புத்தான்."

அவளை உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. ஆறாவதோடு போய்விட்டாள். தாயில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள், மூன்றாம் பெஞ்சில் எனக்கு வலப்பக்கம். மேப் வரைந்தால் அச்சடித்த மாதிரி வரைவாள். அவள் அம்மாவுக்கு எங்கள் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற ரூமில் வேலை.

அதற்கும் கீழே இருந்ததை இன்றைக்கும் வரி மாறாமல் சொல்வேன். "முதலாளி நேரில் வந்தால்தான் உடலை வாங்குவோம் என்று எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். போர்மேனைப் போலீசில் கொண்டுபோய்விட்டார்கள். தங்களைத் தேடுகிறார்கள். இப்போது வர வேண்டாம் என்று வக்கீல் சொல்கிறார். படித்ததும் கிழித்துவிடவும்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பல் தந்தி அடித்தது, ஏப்ரல் மாதப் புழுக்கத்தில். ஆறு பேர் செத்துப்போனார்கள் என்பது ஒரு பயம். அப்பாவைப் பிடித்துப் போவார்கள் என்பது ஒரு பயம். ஆனால் எல்லாவற்றையும்விட அந்தக் கடைசி வரிதான் என்னை அடித்தது. அப்பாவிடம் கொடுத்தால் கிழித்துவிடுவார். கிழித்துவிட்டால் அந்த ஆறு பேரும் எங்கேயுமே இல்லாமல் போய்விடுவார்கள், எனக்கு மட்டும்தான் தெரியும், நான் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். பன்னிரண்டு வயசுப் புத்தி அப்படித்தான் ஓடியது. தாளை நாலாக மடித்து, ஷிம்மீஸுக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு முழுக்க அப்பா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த சாத்தூர்க் காராச்சேவை ஒவ்வொன்றாக எடுத்து, தின்னாமல், விரலால் நொறுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பொறுக்க முடியாமல் கீழே இறங்கி கவுண்டரில் கேட்டார். கவுண்டர்க்காரி ஒரு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஃபேக்ஸ் வந்திருக்கிறது, அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள்.

அப்பா அக்காவைப் பார்த்துக் கத்தினார். தமிழில்தான் கத்தினார். "எங்கம்மா அது? யார்கிட்டக் குடுத்த? அதுல என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

அவளுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. என்னைக் கை காட்டினாள். "இவளிடம் கொடுத்தேன்."

அப்பா குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். இரண்டு நாளாக மழிக்காத முகம், கண் சிவந்து கிடந்தது.

"பாப்பா, உன்கிட்டக் குடுத்தாளா?"

"இல்லப்பா."

மூச்சு விட்டால் வயிற்றில் தாள் சத்தம் போடுமோ என்று மூச்சை விடவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்காது. என்னைக் கவலையாகப் பார்த்தாள். அப்புறம் அப்பாவிடம், "மன்னிக்கவும், நான் தொலைத்துவிட்டேன்" என்றாள். அதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

மறுநாள் அவள் வரவில்லை. மெஷின்காரன் ஒரு வேனையும், சிகரெட் குடித்துக்கொண்டே இருக்கும் ஒரு ஆளையும் அனுப்பினான். அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று நான் இங்கிலீஷில் கேட்டேன். அவனுக்கு இங்கிலீஷே தெரியாது. கையை ஆட்டினான், இல்லை, போய்விட்டாள் என்கிற மாதிரி.

ஆறாவது நாள் அம்மா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். "பிள்ள மொகம் ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்கு, காத்தாட நடந்துட்டு வாரோம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு. சிகரெட்காரன் வேனிலேயே இருந்துகொண்டான்.

அந்த ஊர்க் கடற்கரை வெள்ளை வெளேரென்று, அரிசிமாவு சலித்துக் கொட்டின மாதிரி இருக்கும். கடல் வற்றிக் கிடந்த நேரம். தண்ணீர் அரை மைல் உள்ளே போயிருந்தது. அந்த ஈர மணலில் ஐம்பது அறுபது பெண்கள், முகத்தைத் துணியால் சுற்றி, மேலே ஓலைத்தொப்பி போட்டு, ஒல்லியான மண்வெட்டியால் தோண்டி எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு புழுவாம், அங்கே அதைச் சாப்பிடுவார்கள். அம்மா ரொம்ப நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எம்புட்டு நேரமா குனிஞ்சே நிக்காளுக பாரு" என்றாள். "இடுப்பு என்னத்துக்கு ஆகும்."

நான் உள்ளே கையை விட்டுத் தாளை எடுத்தேன். இதற்கு முந்தின நாளே கொடுத்துவிடுவோமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அன்றைக்குக் காலையில் குளிக்கும்போது பார்த்தால் வியர்வை பட்டு எழுத்து மங்கிக்கொண்டிருந்தது. ஆறாவது பெயரில் பாதி போய்விட்டது. இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தால் நானே கிழித்துப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

"அம்மா, கணக்கப்பிள்ளை அனுப்பிச்சது."

அம்மா வாங்கினாள். வாசித்தாள். பிறகு முதலிலிருந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு, மெதுவாக வாசித்தாள். ஆறாவது பெயரை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துப் பார்த்து எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். அப்படியே பட்டுச்சேலையோடு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் சாதாச் சேலை இல்லை, அவசரத்தில் கையில் அகப்பட்ட இரண்டு பட்டைத்தான் எடுத்து வந்திருந்தாள்.

"நீ வாசிச்சியா இத?"

"ம்."

"எப்ப?"

"மூணு நாளாச்சு."

"மூணு நாளாவா?" அம்மா என்னைப் பார்த்தாள். "இத வயித்துல வெச்சுக்கிட்டா சோறு தின்ன?"

அதைத் திட்டாகச் சொன்னாளா, தாங்காமல் சொன்னாளா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அம்மாவும் கிழித்துவிடுவாளோ என்றுதான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

அறைக்கு வந்ததும் பிளாஸ்க் பக்கத்தில் அதை வைத்தாள். அப்பா பார்த்தார். எடுக்கவில்லை.

"ஆளுகளுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னீக."

"சொல்லிருந்தா நீ வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

"அன்னைக்குக் காலையில போர்மேன் போன் பண்ணுனாரு, ஞாபகம் இருக்கா?" அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "நான்தான் எடுத்தேன். இன்னைக்கு வெயில் கடுமையா இருக்கும்போல, பத்து மணியோட மருந்து கலக்குறத நிறுத்திருவோமா, முதலாளிகிட்டக் கேட்டுச் சொல்லுங்கன்னாரு. நீங்க பல் வெளக்கிக்கிட்டு இருந்தீக. லோடு இன்னைக்குப் போகணும், நடக்கட்டும்னு சொல்லுன்னீக. நான் சொன்னேன். என் வாயால சொன்னேன்."

"போனா உள்ள வெச்சிருவாக" என்றார் அப்பா. "என்னால முடியாது. நான் செத்துப் போயிருவேன்."

"போர்மேனால மட்டும் முடியுமாக்கும்?"

அப்பா அழ ஆரம்பித்தார். அழுகிற ஆம்பளையை நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு கட்டிலுக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே அந்த வெறும் கட்டிடங்கள் ஊளை போட்டுக்கொண்டிருந்தன. உங்களிடம் மறைப்பதற்கில்லை, அந்த நேரத்தில் நான் அப்பா பக்கம்தான் இருந்தேன். இங்கேயே இருந்துவிடுவோம், ஊருக்கே போக வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம், அப்பாவை யாரும் பிடிக்க வேண்டாம் என்று உள்ளுக்குள் மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க இருங்க" என்றாள் அம்மா. "எங்க ரெண்டு பேரு பாஸ்போர்ட்டக் குடுங்க."

அவர் பாஸ்போர்ட்டுகளை இடுப்பு பெல்ட்டுப் பைக்குள் வைத்திருந்தார், தூங்கும்போதும் கழற்றாமல். கையைப் பைமேல் வைத்து அழுத்திக்கொண்டார். கடைசியில் ஜிப்பைத் திறந்தார். மூன்றையும் எடுத்து அம்மா கையில் வைத்தார்.

டிக்கெட் கிடைக்க மேலும் மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் மெஷின்காரன் வந்து அப்பா கையைக் குலுக்கி, மீன் விருந்து வைத்தான். எங்கள் யாருக்கும் இறங்கவில்லை. நான் ஒவ்வொரு காலையும் மீன் தொட்டிப் பக்கம் நின்று வாசலைப் பார்த்தேன். அக்கா வரவில்லை. அவளுக்கு வேலை போயிருந்தால் அது என்னால் போனது. அவள் பெயரை நான் கேட்டதே இல்லை என்பது விமானத்தில்தான் உறைத்தது.

திருவனந்தபுரத்தில் வக்கீல் காரோடு காத்திருந்தார். அப்பாவை முன்னால் ஏற்றிவிட்டு எங்களிடம் வந்தார். "எங்க போயிருந்தீங்கன்னு யார் கேட்டாலும் கொடைக்கானல். சீனாங்கிற வார்த்தையே வாயில வரக் கூடாது. நாட்டைவிட்டு ஓடிட்டாருன்னு கேஸ் திரும்பிரும். பாப்பா, புரியுதா?" என்றார். தலையாட்டினேன்.

அப்பா இரண்டு நாள் கழித்து கோர்ட்டில் போய் நின்றார். இருபத்துச் சொச்சம் நாள் உள்ளே இருந்துவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் ஜாமீனில் வந்தார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து ஒன்றுமில்லாமல் முடிந்தது. கம்பெனி அந்தத் தீபாவளிக்குள்ளேயே சித்தப்பா பெயரில் திறந்துவிட்டது. போர்மேன் வெளியே வர மாதக்கணக்காயிற்று. வந்தவர் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. அப்பா அதற்குப் பிறகு தீபாவளிக்கு வெடியைத் தொடவே இல்லை. கம்பெனியை மட்டும் நடத்தினார்.

அம்மா அந்த ஆறு வீட்டுக்கும் போனாள், தனியாக, டவுன் பஸ்ஸில். நாலு நாள் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்து பார்த்துவிட்டு, முதலாளி வர மாட்டார் என்று தெரிந்து, அவர்களாகவே உடலை வாங்கிப் போய் அடக்கம் பண்ணியிருந்தார்கள். போனில் வேலை நடக்கட்டும் என்று சொன்னது தன் வாய்தான் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லத்தான் போனாளாம். சாகிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னால் என்னிடம் சொன்னாள். "வாசல் வரைக்கும் வாயில இருக்கும்டி. உள்ள போனதும் வராது. ஆறு வீட்டுலயும் வரல."

ஏழாம் வகுப்பு தொடங்கின முதல் வாரம். தண்ணீர்க் குழாயடியில் நான் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து நின்ற மாதிரி இருந்தது. அவள்தான், தாயில்பட்டிக்காரி. யூனிஃபார்ம் போடவில்லை, ஒரு பச்சைப் பாவாடை சட்டை. டிசி வாங்க சித்தியோடு வந்திருந்தாளாம். சித்தி ஆபீஸ் ரூமுக்குள் இருந்தாள். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கையில் டம்ளர், குழாய் திறந்து கிடக்கிறது.

அவள்தான் முதலில் பேசினாள்.

"லீவுக்கு எங்கிட்டும் போனியா?"

"கொடைக்கானல்."

"அங்கன ரொம்பக் குளிருமாம்ல?"

"ஆமா. ரொம்பக் குளிரும்."

"ஸ்வெட்டர் போட்டியா?"

"ம்."

"என்ன கலரு?"

"செவப்பு."

ஏரியைப் பற்றிக் கேட்டாள். பெரிய ஏரி, போட் எல்லாம் விடுவாங்க என்றேன். கொடைக்கானலை நான் அன்றுவரை பார்த்ததே இல்லை. காலண்டரில் பார்த்த ஏரியைச் சொன்னேன். குதிரையில் ஏறினேன் என்றேன். மேகம் ரோட்டிலேயே நடந்து போகும் என்றேன். பயத்தில் நிறுத்த முடியவில்லை, வந்துகொண்டே இருந்தது. அவள் குழாய்மேடையில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள், ஒரு வார்த்தை விடாமல்.

சித்தி வந்து கூப்பிட்டாள். அவள் போனாள். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"உங்க அப்பாவ விட்டுட்டாகளா?"

"விட்டுட்டாக" என்றேன்.

"அப்ப சரி" என்றாள். திறந்து கிடந்த குழாயை மூடிவிட்டு, சித்தி பின்னால் ஓடினாள்.